ஏறுறதும் எறங்குறதுமா ஒரு கிளப்: எஃப்சி வோலண்டாம் பத்தி ஒரு அறிமுகம்

ஊர்ல இருக்குறதே 22,000 பேரு சொச்சம்தான். ஸ்டேடியத்துல சீட்டு கிட்டத்தட்ட 7,000. ஹவுஸ்ஃபுல் ஆகணும்னா ஊர்ல மூணுல ஒருத்தரு வீட்ட பூட்டிட்டு கெளம்பி வரணும், அதுவும் கைக்கொழந்த, படுத்த படுக்கையா இருக்குற தாத்தா எல்லாரையும் சேத்து எண்ணினாத்தான் இந்தக் கணக்கே. நெதர்லாண்ட்ஸ்ல இப்படி ஒரு மீன்பிடி ஊர்ல 70 வருஷமா ஒரு புரொஃபஷனல் ஃபுட்பால் கிளப் ஓடிட்டு இருக்கு, பேரு எஃப்சி வோலண்டாம். டச்சுக்காரங்க வாயில அது ‘ஃபோலண்டாம்’னு வரும், நாம வோலண்டாம்னே வெச்சுக்குவோம்.

டச்சு ஃபுட்பால்னு சொன்னா நம்மாளுங்களுக்கு அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயனோர்ட் இந்த மூணோட லிஸ்ட் முடிஞ்சிரும். ஆனா அங்க புரொஃபஷனல் கிளப் மட்டும் 34 இருக்கு, அதுல பாதிக்கு மேல இந்த மாதிரி சின்ன ஊரு, சின்ன ஸ்டேடியம் கேஸ்தான். ஒண்ண ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரிய ஆரம்பிக்கும். நான் வோலண்டாம எடுத்ததுக்குக் காரணம், இந்தக் கிளப்போட கதையில மீனு, சர்ச்சு, பாட்டு, பட்டப்பேருன்னு ஏகப்பட்ட விஷயம் வந்து விழும், போரடிக்காது.

மொதல்ல ஊரப் பத்தி. ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வடக்க சுமார் 20 கிலோமீட்டர், தண்ணிக்கரையோரமா இருக்கு. ஒரு காலத்துல அது கடல் தண்ணி, ஸவுடர்சேன்னு பேரு, நாட்டுக்குள்ள புகுந்து வந்த ஒரு வளைகுடா. வோலண்டாம்காரங்க அதுலதான் படகு விட்டு மீன் புடிச்சாங்க. 1932ல அரசாங்கம் அந்த வளைகுடாவோட வாயில 30 கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு அணையப் போட்டு அடைச்சிருச்சு. உப்புத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி ஏரியா மாறிருச்சு, கடல் மீனெல்லாம் காணாமப் போச்சு, ஆனா விலாங்கு மட்டும் நின்னுச்சு. விலாங்குக்கு டச்சுல ‘பாலிங்’னு பேரு. அதப் புடிச்சு புகை போட்டு விக்கிறது ஊரோட அடையாளமாவே ஆகிருச்சு, இன்னைக்கும் அந்த ஊரு ஹார்பர் பக்கம் டூரிஸ்ட்டுங்க போனா புகை போட்ட விலாங்கத்தான் வாங்கித் தின்னுட்டு, பழைய காலத்து மீனவர் டிரஸ்ஸ மாட்டிட்டு ஒரு போட்டோ எடுத்துட்டு வருவாங்க. மத்த ஊர்க்காரங்க இந்த டீம ‘பாலிங்பூரன்’னு கூப்புடுவாங்க, விலாங்குக்காரனுங்கன்னு அர்த்தம் வரும். கிண்டலா சொல்ல ஆரம்பிச்சதுதான், ஊர்க்காரங்க அதையே பெருமையா தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

இன்னொரு விஷயம், சுத்தியிருக்குற ஊரெல்லாம் புராட்டஸ்டண்ட், வோலண்டாம் மட்டும் கத்தோலிக்க ஊரு. அதனால கல்யாணம் காட்சியெல்லாம் ரொம்ப காலத்துக்கு ஊருக்குள்ளயே நடந்துச்சு. விளைவு என்னன்னா குடும்பப் பேரு ரொம்பக் கம்மி, டோல், வேர்மன், ஸ்மிட், ம்யூரன், யோங்க், ஸ்கில்டர், ஸ்டூர்னு ஒரு பத்துப் பதினஞ்சு பேருக்குள்ள பாதி ஊரு அடங்கிரும். ஒரே பேருல அஞ்சாறு பேரு இருந்தா எப்படிக் கூப்புடுறது, அதுக்குத்தான் பட்டப்பேரு. அங்க பட்டப்பேரு இல்லாத குடும்பம் இல்ல, தாத்தாவுக்கு வெச்சது பேரன் வரைக்கும் ஒட்டிக்கிட்டு வரும். இத எதுக்கு ஃபுட்பால் கட்டுரையில சொல்றேன்னா, வோலண்டாம் டீம் லிஸ்ட்ட மொதத்தடவ பாக்குறவங்க ரெண்டு மூணு வேர்மன் இருக்குறதப் பாத்து பிரிண்டிங் மிஸ்டேக்னு நெனப்பாங்க. நெதர்லாண்ட்ஸ் டீமுக்கு ஆடுன ஜோயி வேர்மனும் சரி, ரெண்டு மீட்டர் உயரத்துல நிக்கிற ஸ்ட்ரைக்கர் ஹென்க் வேர்மனும் சரி, ரெண்டு பேருமே இந்தக் கிளப்புக்கு ஆடுனவங்கதான், ஆனா கூடப் பொறந்தவங்க கெடையாது.

சரி கிளப்புக்கு வருவோம். 1920ல ‘விக்டோரியா’ங்குற பேர்ல ஆரம்பிச்சாங்க. மூணு வருஷம் கழிச்சு பேர மாத்தி ஆர்கேஎஸ்வி வோலண்டாம்னு வெச்சாங்க, அந்த ஆர்கே ரெண்டும் ரோமன் கத்தோலிக்கங்குறதோட சுருக்கம். அந்தக் காலத்து நெதர்லாண்ட்ஸ்ல ஸ்கூலு, பேப்பரு, ரேடியோ, கிளப்புன்னு எல்லாமே மதம் வாரியா தனித்தனியா இருந்துச்சு, ஃபுட்பாலும் அப்படித்தான். ஜெர்சி ஆரஞ்சு. நாட்டு டீமும் ஆரஞ்சுங்குறதால வோலண்டாமுக்கு ‘இன்னொரு ஆரஞ்சு’ன்னும் ஒரு பேரு உண்டு. 22,000 பேரு இருக்குற ஊரு நாட்டு டீமோட கலர்ல பங்கு கேக்குது பாருங்க.

அப்போல்லாம் காசு வாங்கிட்டு ஆடுறதே அந்த நாட்டுல தப்பு. டச்சு ஃபுட்பால் சங்கம் அமெச்சூர்னா அமெச்சூர்தான்னு அடம் புடிச்சிட்டு இருந்துச்சு, காசு வேணும்னு ஃபிரான்சுக்குப் போன நல்ல பிளேயர்களையெல்லாம் நாட்டு டீம்ல சேக்கவே இல்ல. 1953 பிப்ரவரி 1 விடியக்காலையில பெரிய கடல் வெள்ளம் வந்து நெதர்லாண்ட்ஸ்ல 1,836 பேரு செத்துப்போனாங்க. அந்த நிவாரணத்துக்கு நிதி திரட்ட அந்த மார்ச் மாசமே பாரிஸ்ல ஒரு மேட்ச் வெச்சாங்க, வெளிநாட்டுல ஆடிட்டு இருந்த டச்சுப் பசங்களே ஒண்ணாச் சேந்து ஃபிரான்ஸ் டீம 2-1னு அடிச்சாங்க. ஊருல இருக்குற ஜனங்களுக்கு அப்பத்தான் ஒறைச்சுது, நம்மகிட்ட இப்படி ஒரு டீம் இருந்தும் வெளிய நிறுத்தி வெச்சிருக்கோமேன்னு. அடுத்த வருஷமே, 1954ல, புரொஃபஷனல் ஃபுட்பாலுக்குக் கதவத் தெறந்துட்டாங்க. வோலண்டாமும் சீக்கிரமே அந்தப் பக்கம் தாவிருச்சு. 1977ல கிளப்ப ரெண்டாப் பிரிச்சாங்க, அமெச்சூர் பக்கம் பழைய ஆர்கேஎஸ்வி பேரோடயே இருந்துச்சு, காசுக்கு ஆடுற பக்கம் எஃப்சி வோலண்டாம் ஆச்சு. அதனால பழைய பிளேயர் கதையில ரெண்டு பேரும் மாறி மாறி வரும், கொழம்பிக்க வேணாம்.

இப்ப லீக் எப்படி வேல செய்யுதுன்னு பாத்துருவோம், இது புரியலன்னா வோலண்டாம் புரியாது. மேல இருக்குறது ஏரடிவிசி, 18 டீம். அதுக்குக் கீழ எயர்ஸ்ட டிவிசி, பேருக்கு ‘முதல் டிவிஷன்’, ஆனா நெசத்துல ரெண்டாவது, 20 டீம். இப்போ ஒரு கிச்சன் கடை ஸ்பான்சர் பேர்ல அத ‘க்யூக்கன் காம்பியூன் டிவிசி’ன்னு கூப்புடுறாங்க. அந்த 20ல நாலு டீம் பெரிய கிளப்போட ஜூனியர் டீம், யோங் அயாக்ஸ், யோங் பிஎஸ்வி மாதிரி. அவங்க சாம்பியன் ஆனாலும் மேல ஏற முடியாது, ஏன்னா மேல ஏற்கனவே அவங்க அப்பன் டீம் ஆடிட்டு இருக்கு.

ஏறுறது எறங்குறது எப்படின்னா, மேல கடைசி ரெண்டு எடம் வந்த டீம் நேரா கீழ, கீழ மொத ரெண்டு எடம் நேரா மேல. மேல 16வது வந்தவங்களும் கீழ இருந்து ஆறு டீமும் சீசன் முடிஞ்சதும் பிளேஆஃப் ஆடி, ஜெயிக்கிற ஒருத்தருக்கு மட்டும் எடம். இதுல ஒரு சுவாரசியமான டச்சு ஐடியா இருக்கு, 38 மேட்ச் சீசன நாலு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் தனியா ஒரு டேபிள் போட்டு அதுல மொதல் வர்றவங்கள ‘பீரியட் சாம்பியன்’ன்னு சொல்லி பிளேஆஃபுக்கு டிக்கெட் குடுப்பாங்க. அதாவது செப்டம்பர்ல ஒரு எட்டொன்பது மேட்ச் பிரமாதமா ஆடிட்டு அப்புறம் டிசம்பர்ல இருந்து சொதப்பினாலும் மே மாசம் பிளேஆஃப்ல உக்காந்திருக்கலாம். சின்ன கிளப்புக்கெல்லாம் இது பெரிய விஷயம், ஏன்னா சீசன் பாதியில ‘இனி என்னத்த ஆடி’ன்னு மனசு விட்டுப்போகாது, டிக்கெட்டும் விக்கும்.

எறங்குறதுன்னா என்னன்னு இன்னும் கொஞ்சம் சொல்லணும். ஐபிஎல் மாதிரி ஃப்ரான்சைஸ் லீக்குல கடைசி எடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே டீம் அதே லீக்குல நிக்கும். இங்க அப்படி இல்ல. கீழ போனா டிவி காசு கொறையும், ஸ்பான்சர் பேரம் பேசுவான், நல்லா ஆடுற பையன் ‘அண்ணே நான் வேற எடம் பாத்துக்கறேன்’னு நிப்பான், மேட்ச் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளப்படும், அயாக்ஸ் வந்து ஆடுற அந்த ஒரு நாள் கூட்டமும் இல்ல. நெறைய கிளப் இதுலயே ஒடிஞ்சு போயிரும். வோலண்டாம் இந்த விஷயத்துல கெட்டிக்காரங்க, அவங்களுக்கு இது பழகிப்போச்சு.

எவ்வளவு பழக்கம்னு கேளுங்க. 1959ல மொதத்தடவ ஏரடிவிசிக்குள்ள போனாங்க, அடுத்த வருஷமே வெளிய. 1961ல திரும்ப உள்ள, 1964ல வெளிய. 1967, 1970, 1977, 1983, 1987னு ஏறிட்டே இருந்தாங்க, ஒவ்வொரு ஏத்தத்துக்கும் நடுவுல ஒரு எறக்கம்னு நீங்களே போட்டுக்கோங்க. 1987ல ஏறுனது மட்டும் விதிவிலக்கு, 1998 வரைக்கும் 11 சீசன் மேலயே நின்னாங்க, அதுதான் கிளப்போட பொற்காலம். அப்புறம் 2003ல ஏறி 2004ல எறக்கம், 2008ல ஏறி 2009ல எறக்கம், அதுக்கப்புறம் 13 வருஷம் கீழயே கெடந்து 2022ல மேல, 2024ல கீழ, 2025ல மறுபடியும் மேல. மொத்தம் 11 தடவ ஏறியிருக்காங்க. இதனாலயே இவங்களுக்கு ‘ஹேன் என் வேர்’னு ஒரு பேரு, போறதும் வர்றதும்னு அர்த்தம். லிஃப்ட் ஆப்பரேட்டர்னு வெச்சிருந்தாலும் பொருத்தமாத்தான் இருந்திருக்கும்.

பல பேரு இத தோல்விக் கதையாப் பாப்பாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. 20 கிலோமீட்டர் தள்ளி அயாக்ஸ் ஒக்காந்திருக்கு, பையன் ஒருத்தன் பத்து வயசுல பந்த ரெண்டு தடவ நல்லாத் தட்டினாலே அங்க இருந்து ஆள் வந்திரும். அத மீறி வளத்து எடுத்தா, இருபது வயசுல வித்துத்தான் ஆகணும், இல்லன்னா பில்லு கட்ட முடியாது. வித்தா டீம் பலம் கொறையும், எறங்கும், திரும்ப அடுத்த செட்டு பசங்கள வளக்கணும். ஏத்தமும் எறக்கமும் அந்தக் கிளப்போட மூச்சு மாதிரி, அந்த ஊரு சைஸுக்கு அதுதான் நியாயமான கணக்கு.

காசு எங்க இருந்து வருதுன்னு கேட்டா டிக்கெட்டு, ஊர்க்கார முதலாளிங்க குடுக்குற ஸ்பான்சர், டிவி பங்கு, அப்புறம் பிளேயர் விக்கிற காசு. இந்தக் கடைசி ஐட்டத்துல ஒரு வால் இருக்கு, அதத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. ஃபிஃபா ரூல் ஒண்ணு இருக்கு, ஒரு பிளேயர் நாடு விட்டு நாடு வேற கிளப்புக்கு விக்கப்பட்டா அந்தத் தொகையில 5 சதவீதத்த அவன 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கிளப்புங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். 12லருந்து 15 வயசு வரைக்கும் வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16ல இருந்து வருஷத்துக்கு 0.5. ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம், ஒரு பையன் 16 வயசுல இருந்து நாலு வருஷம் உங்க கிளப்புல இருந்தான், அப்புறம் நீங்க வித்துட்டீங்க. வாங்குன கிளப் அவன ரெண்டு வருஷம் கழிச்சு வேற நாட்டுக் கிளப்புக்கு 1 கோடி யூரோவுக்கு வித்தா, நீங்க சும்மா ஒக்காந்திருந்தாலும் வருஷத்துக்கு 0.5னு நாலு வருஷத்துக்கு 2 சதவீதம், அதாவது 2 லட்சம் யூரோ உங்க அக்கவுண்ட்டுக்கு வரணும். பெரிய கிளப்புக்கு அது டீக்காசு. இந்த மாதிரி ஊருக்கு ஒரு சீசன்ல ரெண்டு மூணு பசங்களோட சம்பளம்.

நெசமான உதாரணமும் இருக்கு, மிக்கி வான் டி வென். வோலண்டாம் அகாடமியில வளந்து, இருபது வயசு ஆகுறதுக்குள்ளயே கேப்டன் பட்டை கட்டிட்டு ஆடுனவரு, 2021ல ஜெர்மனியில வொல்ஃப்ஸ்பர்க்குக்குப் போனாரு, 2023ல அங்க இருந்து இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாம். 2025 மே மாசம் பில்பாவோவுல யூரோப்பா லீக் ஃபைனல், எதிர்ல மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம் 1-0 லீடு. ரெண்டாவது பாதியில டாட்டன்ஹாம் கோலி வெளிய வந்து பந்த விட்டுட்டாரு, யுனைடெட்டோட ஹோய்லுண்ட் தலையால தட்டுனது காலி கோலுக்குள்ள போயிட்டு இருக்கு, இந்த மனுஷன் பின்னாடியே ஓடி வந்து ஒடம்ப அந்தரத்துல சாச்சு, கோல் லைன் மேலயே கால வீசி பந்த வெளிய தள்ளுனாரு. அந்த ஒரு உதையில கப்பு நின்னுச்சு. அந்தக் கால வளத்தது இந்த 7,000 சீட்டு கிளப்புதான்.

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச கதையும் இல்ல. 1961-62 சீசன்ல ஏரடிவிசியிலயே அதிக கோல் அடிச்சவரு வோலண்டாமோட டிக் டோல், 27 கோல். அந்தக் காலத்துலயே அயாக்ஸ், ஃபெயனோர்ட் ஸ்ட்ரைக்கரெல்லாம் இவருக்குப் பின்னாடிதான். டச்சு கப் ஃபைனலுக்கு ரெண்டு தடவ போயிருக்காங்க, 1958ல ஸ்பார்ட்டாகிட்ட 4-3, 1995ல ஃபெயனோர்ட்கிட்ட 2-1. ரெண்டுமே ஒரு கோல்ல போச்சு, அதப் பத்தி ஊர்க்காரங்ககிட்ட பேச்செடுக்காம இருக்குறது உத்தமம்.

ஆனா ஊரோட செல்லப்பிள்ளைங்கன்னா ம்யூரன் அண்ணன் தம்பிதான். அண்ணன் கெர்ரி, தம்பி ஆர்னால்ட், ரெண்டு பேரும் எடது கால் பார்ட்டி, ரெண்டு பேரும் வோலண்டாம்ல ஆடிட்டு அயாக்ஸுக்குப் போனவங்க. 1973ல யூரோப்பியன் கப் செமிஃபைனல், ரியல் மாட்ரிட் சொந்த கிரவுண்ட் பெர்னபேவு. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி கெர்ரி பந்த வாங்கி, ஓடாம, பாஸ் பண்ணாம, நின்ன எடத்துலயே எடது கால்ல தட்டித் தட்டி ஜக்ளிங் பண்ணாரு. தெருவுல பசங்க பந்தயம் கட்டி பண்ற அதே வேலை. அன்னைக்கு அயாக்ஸ் 1-0ன்னு ஜெயிச்சுது, அந்த ஒரு கோலையும் அவருதான் அடிச்சாரு.

தம்பி ஆர்னால்டு இங்கிலாந்து வரைக்கும் போனாரு, இப்ஸ்விச், மான்செஸ்டர் யுனைடெட். 1981ல ஐரோப்பிய கிளப்புங்களுக்கான யூஇஎஃப்ஏ கப் ஃபைனல் இப்ஸ்விச்சுக்கும் டச்சு கிளப் ஏஸட்டுக்கும் நடந்துச்சு, இந்தப் பக்கம் ஆர்னால்ட் ம்யூரன், அந்தப் பக்கம் பியர் டோல், ரெண்டுமே வோலண்டாம் ஆளு. அப்போ ஃபைனல் ரெண்டு மேட்சா நடந்துச்சு, ரெண்டாவது மேட்ச்ல டோல் ஒரு கோலும் போட்டாரு, ஆனா கப்பு மொத்தம் 5-4ன்னு ம்யூரன் டீமுக்கு. ஒரு ஐரோப்பிய ஃபைனல்ல எதிரெதிரா நிக்க ரெண்டு ஆள அனுப்புன மீன்பிடி ஊரு வேற எங்கயாச்சும் இருந்தா எனக்குச் சொல்லுங்க.

அப்புறம் 1988 யூரோ, அதாவது ஐரோப்பிய நாட்டு டீம்களோட கப், ஃபைனல் மியூனிக்ல. டச்சு ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டன் அந்த ஓரத்துல இருந்து, பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே வாலியில அடிச்ச கோல நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி எடது பக்கத்துல இருந்து பந்து ரொம்ப ஒசரத்துல மெதக்குற மாதிரி வருமே, அனுப்புனது ஆர்னால்ட் ம்யூரன், அப்போ அவருக்கு 37 வயசு. அது ஒண்ணும் பிரமாதமான கிராஸ் இல்ல, கொஞ்சம் தூக்கலாத்தான் போச்சு, வான் பாஸ்டனுக்கே அத என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் அடிச்சிருப்பாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனா நெதர்லாண்ட்ஸ் ஆம்பளைங்க டீம் இதுவரைக்கும் ஜெயிச்ச ஒரே பெரிய கப்புல ரெண்டாவது கோலுக்கு அடி போட்டது ஒரு வோலண்டாம் கால்.

அடுத்த தலைமுறையில விம் யோங்க். வோலண்டாம், அயாக்ஸ், இன்டர் மிலன், பிஎஸ்வின்னு ஆடி, 1992ல அயாக்ஸோடயும் 1994ல இன்டரோடயும் யூஇஎஃப்ஏ கப்ப எடுத்தவரு, ரெண்டு ஃபைனல்லயும் கோல் அடிச்சிருக்காரு. அவரே 2019ல கோச்சா ஊருக்குத் திரும்பி வந்தாரு. நெறைய பேரு ஏதோ பழைய ஹீரோ பொழுது போக்க வந்திருக்காருன்னு நெனச்சாங்க, அவரு சின்னப் பசங்கள வெச்சு பந்த வெச்சு ஆடுற டீம் ஒண்ணக் கட்டி 2022ல மேல ஏத்திட்டாரு. அந்த சீசன்ல முன்னாடி நின்னு கோலா அடிச்சுத் தள்ளுனவரு பேரு ராபர்ட் ம்யூரன், பேரப் பாத்தாலே தெரியும் எந்த ஊருன்னு. அந்த சமயத்துல கிளப்போட சேர்மன் யாரு தெரியுமா, யான் ஸ்மிட், நாடு பூரா தெரிஞ்ச பாட்டுக்காரரு.

பாட்டுக்காரன் எதுக்கு கிளப்புக்கு சேர்மன்னு கேக்கலாம். அணை வந்து மீன்பிடி படுத்ததுக்கு அப்புறம் இந்த ஊரு ரெண்டு விஷயத்துலதான் பேரு வாங்குச்சு, ஒண்ணு ஃபுட்பால், இன்னொண்ணு பாட்டு. 1960கள்ல இருந்து தி கேட்ஸ், பிஸட்என்னுன்னு வரிசையா பேண்டு இங்க இருந்து கெளம்பி டச்சு ஹிட் லிஸ்ட்ட ஆட்டிப் படைச்சுது, அந்த ஸ்டைலுக்கு பேரே ‘பாலிங் சவுண்ட்’, விலாங்கு சத்தம்! அதனால அங்க பாட்டுக்காரன் கிளப்பு நடத்துறதுல ஊர்க்காரங்களுக்கு ஒரு ஆச்சரியமும் இல்ல, சின்ன ஊரு, யாரு காசு வெச்சிருக்காங்களோ யாரு பேரு வெச்சிருக்காங்களோ அவங்க வந்து தோள் குடுப்பாங்க. ஆனா எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஊர்ல சண்டையும் வீட்டுச் சண்டை மாதிரிதான் இருக்கும். 2023 டிசம்பர்ல நிர்வாகத்துல பெரிய ரகள ஆகி சீசன் நடுவுல யோங்க் கெளம்பிட்டாரு, அந்த சீசன் முடிவுல டீமும் எறங்கிருச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா அடுத்த வருஷமே ரிக் க்ரெய்ஸ்ங்குற கோச்சோட எயர்ஸ்ட டிவிசி சாம்பியன், 2025ல திரும்பவும் ஏரடிவிசி. நீங்க இதப் படிக்கிற நேரத்துல அவங்க மேல இருக்காங்களா கீழ இருக்காங்களான்னு ஒருதடவ டேபிளப் பாத்துக்கோங்க, நான் எழுதுனத நம்பி யார்கிட்டயும் பந்தயம் கட்டிராதீங்க.